புரொஜெக்டரில் கறுப்பு ஏன் சாம்பலாகத் தெரிகிறது?

கேள்வி:
என் டிஎல்பி புரொஜெக்டர் பெட்டியில் 10,00,000:1 கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) என்று போட்டிருக்கிறது. விண்வெளிக் காட்சி வந்தாலோ வானம் சாம்பல் பூசினாற்போல இருக்கிறது. அந்த எண் எங்கே போனது?

இருட்டறை:
அது டைனமிக் கணக்குங்க. முழு வெள்ளையை ஒரு நேரம் அளப்பார்கள். ஒளி தரும் லேசரை ஏறக்குறைய அணைத்துவிட்டு, முழுக் கறுப்பை இன்னொரு நேரம். நட்சத்திரமும் வானமும் ஒரே காட்சியில் வரும்போது அந்தத் தந்திரம் பலிக்காது.

டிஎல்பியில் நுண்கண்ணாடிகள் சாய்ந்து, வேண்டாத ஒளியை ஓரம் தள்ளும். ஆனால் கண்ணாடி விளிம்புகளில் சிதறுவதில் கொஞ்சம் லென்ஸுக்குள் நுழைந்துவிடும். ஜேவிசி, சோனி செய்யும் எல்காஸ் (LCoS) வகைப் புரொஜெக்டரில் திரவப் படிகம் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளியலை அதிரும் திசையை, மாற்றும். வேண்டாததை போலரைசர் என்கிற வடிகட்டி தடுக்கும். கறுப்புக்கு அதுதான் ராஜா, என்னைக் கேட்டால். உங்களுடையதில் ஐரிஸ் (ஒளி போகும் துவாரத்தைச் சுருக்கும் திரை) இருந்தால் சற்று மூடிப் பாருங்கள். வெளிச்சம் குறையும், சிதறல் அதைவிட அதிகமாகக் குறையும்.

வெல்வெட்:
சரி, சுவர் என்ன நிறம்?

கேட்டவர்:
சுவர், கூரை எல்லாமே வெள்ளை. வாடகை வீடு, பெயின்ட் அடிக்க முடியாது.

வெல்வெட்:
அப்போ புது புரொஜெக்டர் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். திரையின் ஒளியே கூரையில் பட்டுத் திரும்பி வந்து கறுப்பின் மேல் விழுகிறது. திரையை ஒட்டிய பகுதியில் மட்டும் கறுப்பு வெல்வெட் துணி மாட்டுங்கள். பளபளக்கிற துணி வேண்டாம்.