ரெண்டாங்கிளாஸ் பிள்ளையோட இக்லூவ யாரு செய்யணும்?

சுபா_நெல்லை:
நேத்து ராத்திரி எட்டரை மணி கதை இது. பிள்ளைக்கு சோறு போட்டுட்டு பைய தொறந்து பாக்கேன், டைரில "ப்ராஜெக்ட் நாளை கொண்டு வரவும்"னு எழுதி இருக்கு. சின்னவ ரெண்டாங்கிளாஸ். "வீடுகளின் வகைகள்"னு பாடமாம், ரோல் நம்பர் வாரியா பிரிச்சு விட்டுருக்காங்க, ஒருத்திக்கு குடிசை, ஒருத்தனுக்கு ஓட்டு வீடு, இன்னொருத்தனுக்கு படகு வீடு, எங்களுக்கு விழுந்தது இக்லூ, அதான் பனிக்கட்டி வீடு. பாளையங்கோட்டை வெயில்ல உக்காந்துகிட்டு இக்லூ! எங்க வீட்டுக்காரர் வண்டிய எடுத்துட்டு தெற்கு பஜாருக்கு ஓடுனாரு, கடைக்காரர் ஷட்டர பாதி இறக்கிட்டாராம், கெஞ்சி தெர்மாகோலும் பஞ்சும் வாங்கிட்டு வந்தாரு. சூப்பர் க்ளூ ஊத்துனா தெர்மாகோல் புஸ்ஸுனு உருகி ஓட்டையாயிட்டு. அப்புறந்தான் தெரியுது தெர்மாகோலுக்கு ஃபெவிகால்தான் போடணும்னு. பதினொன்னே முக்கால் வரைக்கும் நானும் அவரும் உக்காந்து செஞ்சோம். பிள்ள ஒன்பதரைக்கே தூங்கிட்டா. காலைல எந்திச்சு பாத்துட்டு "யம்மா, இது யாரு வீடு?"ங்கா.

நீங்கல்லாம் செஞ்சு குடுக்கீங்களா, இல்ல பிள்ளைகளயே செய்ய விடுதீங்களா? இதுக்கு மார்க் வேற இருக்கு.

கோவை_செந்தில்:
செஞ்சு குடுக்கறதுல என்னங்க தப்பு? ஏழு வயசுப் புள்ள கையில கட்டர குடுத்து தெர்மாகோல் வெட்டுன்னு சொல்ல முடியுங்களா? நான் எப்பவுமே செஞ்சு குடுத்துருவேன், பையன் பக்கத்துல உக்காந்துட்டு கம் எடுத்து குடுப்பான், கலர் சொல்லுவான், அவனுக்கு அதுவே பெரிய சந்தோசம். ஒரு தடவ ஒண்ணாங்கிளாஸ்ல "நீயே செய் ராஜா"ன்னு விட்டேன். கோணலும் மாணலுமா ஒரு பஸ் செஞ்சுட்டு போனான். கண்காட்சி அன்னிக்கு போய் பாத்தா அந்த பஸ்ஸ எல்லாத்துக்கும் பின்னாடி ஜன்னலோரமா வெச்சிருக்காங்க, முன்னாடி பூராம் லைட் எரியற ஏர்போர்ட்டு, தண்ணி ஓடற டேமு. பையன் என்ன பாத்தான் பாருங்க ஒரு பார்வை. அன்னிக்கு முடிவு பண்ணுனதுங்க, இனிமே நம்ம புள்ள பின் வரிசைக்கு போகக்கூடாதுன்னு.

ரேவதி_ரெண்டு_வாலு:
செந்தில் சார், கோவிச்சுக்காதீங்க, அந்த டேம் செஞ்ச அப்பாவும் வீட்டுல இதேதான் சொல்லியிருப்பார். எல்லாரும் அடுத்தவங்க புள்ளைய பாத்து பயந்து பயந்து செஞ்சு, கடைசில கண்காட்சில போட்டி போட்டது முப்பத்தஞ்சு அப்பா அம்மா, புள்ளைங்க சும்மா பக்கத்துல பேட்ஜ் குத்திட்டு நின்னுச்சுங்க. என் பெரியவன் தீப்பெட்டில ரயில் செஞ்சான், நான் கை வைக்கல. சக்கரத்துக்கு சட்டை பட்டன், அதுல ரெண்டு கழண்டு விழுந்துருச்சு. பத்துக்கு ஆறு. போகட்டும், அந்த ரயில் இன்னிக்கும் எங்க ஃப்ரிட்ஜ் மேலதான் நிக்குது, வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் எடுத்து காட்டுறான். உங்க பையன் நீங்க செஞ்ச எத எடுத்து காட்டுவான்?

இன்னொண்ணு, ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்கு வீட்டுப்பாடமே குடுக்கக்கூடாது. 2018 மே மாசம் சென்னை ஹைகோர்ட்ல நீதிபதி கிருபாகரன் ஆர்டர் போட்டாரு, ஒண்ணு ரெண்டு வகுப்புக்கு ஹோம்வொர்க் கிடையாதுன்னு, பறக்கும் படை வெச்சு செக் பண்ண சொன்னாரு. அதுக்கப்புறம் மத்திய அரசு 2020ல ஸ்கூல் பேக் பாலிசின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுலயும் ரெண்டாவது வரைக்கும் கிடையாது, மூணுலருந்து அஞ்சு வரைக்கும் வாரத்துக்கே ரெண்டு மணி நேரம்தான். சின்னதுங்கள வகுப்புல நேத்து சாயந்திரம் என்ன விளையாண்ட, என்ன சாப்ட்டன்னு பேச விடுங்கன்னு அதுல எழுதியிருக்காங்க. இக்லூ செய்ய சொல்லல.

கோவை_செந்தில்:
ஆர்டர் எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. அந்த பேப்பர எடுத்துட்டு போயி பிரின்சிபால் மேஜைல வெக்கறது யாருங்க? நீங்க வெச்சீங்களா? "இது ஹோம்வொர்க் இல்லீங்க சார், ஆக்டிவிட்டி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. மேல பேசுனா நம்ம புள்ளைய ஒரு மாதிரி பாப்பாங்க. ரெண்டு வருசம் அலைஞ்சு சீட்டு வாங்குன ஸ்கூலுங்க.

ரேவதி_ரெண்டு_வாலு:
வெக்கல. உண்மைய சொல்றேன், எனக்கும் தைரியம் வரல. அதனாலதான் சொல்றேன், சண்டை போட முடியாட்டியும் ஒத்துழைக்காம இருக்கலாம்ல? பத்து அம்மா சேந்து கோணல் பஸ்ஸே அனுப்பினா அடுத்த வருசம் டேம் வராது.

மதுரக்காரன்:
ஒரு சின்ன சந்தேகம். அலங்காரத்துக்கு தெர்மாகோல் யூஸ் பண்ணக்கூடாதுன்னு 2022 ஜூலை 1லருந்து நாடு பூரா தடை இருக்கு, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் லிஸ்ட்ல அதுவும் வருது. எங்க அக்கா மகளுக்கு ஸ்கூல்ல என்ன ப்ராஜெக்ட் தெரியுமா? "பூமியைக் காப்போம்". தெர்மாகோல் உருண்டைல பூமி, அதுக்கு மேல தெர்மாகோல் எழுத்துல "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்". முன்னூத்தம்பது ரூவாக்கு கடைல ரெடிமேடா தொங்குது. நீங்க ரெண்டு பேரும் அப்பா செய்யணுமா புள்ள செய்யணுமான்னு அடிச்சுக்கிட்டு இருக்கீங்க, ஊர்ல பாதிப்பேருக்கு கடைக்காரன்தான் அப்பாவே.

கரும்பலகை:
நான் ஒரு தனியார் ஸ்கூல் டீச்சர், ரெண்டாம் வகுப்புதான். எங்கள திட்டறதுக்கு முன்னாடி இது எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. 2012ல முப்பருவ முறை வந்தப்போ நூறு மார்க்க ரெண்டா பிரிச்சாங்க, தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீடு, அதாவது வகுப்புல அப்பப்ப பாத்து போடறதுக்கு 40. அந்த வளரறில (அ)ன்னு ஒரு பகுதி, முழுக்க செயல்பாடுதான். புள்ள கையால எதாவது செய்யட்டும், மனப்பாடம் மட்டும் வேணாம்னுதான் யோசிச்சாங்க, வகுப்பறைக்குள்ளயே செய்ய வேண்டிய விஷயம் அது. நல்ல யோசனைதான். ஆனா என் வகுப்புல 38 பேரு, நாப்பது நிமிஷ பீரியட், கத்திரிக்கோல் ரெண்டு. எல்லாருக்கும் கம் தடவி கை கழுவ விடறதுக்குள்ள பெல் அடிச்சிரும். அதனால வீட்டுக்கு போயிருச்சு, வீட்டுக்கு போனதும் அது அப்பா அம்மாவோடது ஆயிருச்சு.

ஒண்ணு சொல்லவா, டப்பாவ மேஜைல வெக்கும்போதே தெரிஞ்சிரும் யாரு செஞ்சதுன்னு. லைட் எரிஞ்சா அப்பா. ஓரத்துல லேஸ் ஒட்டி இருந்தா அம்மா. எதுலயும் கம் வெளிய வழியலன்னா கடை. புள்ள செஞ்சதுல மட்டும்தான் கம்ல முடி ஒட்டியிருக்கும்.

கோவை_செந்தில்:
அப்ப தெரிஞ்சுட்டே லைட் எரியறதுக்கு பத்து மார்க் போடறீங்களே மேடம், அது ஏனுங்க?

கரும்பலகை:
நியாயமான கேள்வி. கரஸ்பாண்டன்ட் ரவுண்ட்ஸ் வருவார். கண்காட்சி ஃபோட்டோதான் அடுத்த வருஷ அட்மிஷன் நோட்டீஸ்ல போகும். முன்னாடி மேஜைல கோணல் பஸ் வெச்சேன்னா "என்ன மிஸ், உங்க கிளாஸ்ல இதான் ஸ்டாண்டர்டா"ன்னு எனக்கு விழும். ஒரு வருஷம் வெச்சும் பாத்தேன், திட்டும் வாங்குனேன். ஆனா ரேவதி மேடம் சொல்ற மாதிரி பெத்தவங்க ஒத்துழைக்கலன்னா மாறிடும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, ஏன்னா அந்த லைட் எரியற ஏர்போர்ட்ட கொண்டு வர்றவங்கதான் மறுநாள் ஃபோன் பண்ணி "எங்க புள்ளைக்கு ஏன் ஒன்பது, ஒரு மார்க் எங்க போச்சு"ன்னு கேக்குறாங்க. கோணல் பஸ் வீட்டுலருந்து ஒருத்தரும் ஃபோன் பண்ணதே இல்ல.

சாக்பீஸ்_ராமநாதபுரம்:
நான் அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியர். எங்ககிட்ட இந்த பஞ்சாயத்தே கிடையாது. 2022லருந்து எண்ணும் எழுத்தும் திட்டம், ஆரம்பத்துல ஒண்ணுலருந்து மூணு வரைக்கும். அட்டை, பாட்டு, பொம்மை, எல்லாமே வகுப்புக்குள்ளதான். புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, கருவேலங்காய் இதுதான் எங்க மெட்டீரியல். வீட்டுல செஞ்சுட்டு வான்னு சொன்னா யாரு செய்வா? அம்மா நூறு நாள் வேலைக்கோ மீன் கம்பெனிக்கோ விடியக்காலைல போயிருப்பாங்க, காலைல சாப்பாடே பள்ளிக்கூடத்துல போடறதாலதான் பாதிப்பிள்ளைங்க வயிறு நிறைஞ்சு உக்காருதுங்க. களிமண்ணுல வீடு செய்யுங்கடான்னேன், ஒருத்தன் படகு செஞ்சு வெச்சுட்டான். ஏன்டான்னா "எங்கப்பா அதுலதான் சார் தூங்குவாரு"ங்கறான். முழு மார்க் போட்டேன். அதவிட சரியான படகு வீடு கேரளாலயும் கிடையாது.

மதுரக்காரன்:
சார், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, உங்க புள்ள எந்த ஸ்கூல்ல படிக்குது?

சாக்பீஸ்_ராமநாதபுரம்:
இந்த கேள்வி வரும்னு தெரியும். தனியார் ஸ்கூல்லதான். வீட்டுல நான் ஒரு ஓட்டு, எதிர்ல மனைவி, மாமியார், எங்க அம்மா மூணு ஓட்டு. போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு சூரியக் குடும்பம் செஞ்சேன், சனிக்கிரகத்துக்கு வளையம் மாட்டத் தெரியாம மனைவியோட பழைய வளையல வெட்டுனேன். அதுக்கு தனி பஞ்சாயத்து.

ரேவதி_ரெண்டு_வாலு:
சிரிச்சுட்டேன் சார். ஆனா இங்க ஒண்ணு கவனிச்சீங்களா, இவ்ளோ நேரமா அப்பாங்க பேரா வந்துட்டு இருக்கு. எங்க கிளாஸ் வாட்ஸ்அப் க்ரூப்ல எழுபது பேர்ல அப்பாங்க ஆறு பேரு, அதுல நாலு பேரு மியூட்டு. மெசேஜ் வர்றது சாயந்திரம் ஏழு மணிக்கு, நான் பஸ்ல நின்னுகிட்டு இருப்பேன். "ஏ ஃபோர் ஷீட் பச்சை கலர், ஐஸ் குச்சி இருபது, குடும்ப ஃபோட்டோ ஒண்ணு". அத படிச்சு ஞாபகம் வெச்சு, கடைல இறங்கி, வீட்டுக்கு வந்து தோசை ஊத்தி, ஃபோட்டோவ தேடி, இதெல்லாம் முடிஞ்சப்புறம் அப்பா வந்து லைட் மாட்டுவாரு. பேரு அவருக்கு. செந்தில் சார், உங்க வீட்டுல சாமான் வாங்கறது யாரு?

கோவை_செந்தில்:
…வீட்டம்மாதானுங்க. கட்டிங் நானு. பெயிண்ட் அவங்க. கூட்டி அள்ளறதும் அவங்கதான், இப்ப கேட்டப்பறம்தான் தோணுது. ஆனா ஒண்ணுங்க, அதுக்காக புள்ளைய தனியா விடறது தீர்வு ஆயிருமா? அவனுக்கு நான் கெடைக்கறதே அந்த ஒரு மணி நேரந்தான். ஷிஃப்ட்டு வேலை, மத்த நாள்ல நான் வரும்போது தூங்கிருப்பான். நீங்க அத ஏமாத்து வேலைங்கறீங்க, எனக்கு அது ஒண்ணுதான் அவன்கூட.

ரேவதி_ரெண்டு_வாலு:
அப்ப மார்க் இல்லாத ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்து செய்யுங்க சார். அத யாரு வேணாம்னா.

ரிட்டயர்டு_போஸ்ட்மாஸ்டர்:
எல்லாருக்கும் வணக்கம். பேரன் பேத்திகள் மூன்று பேர், அதனால் இங்கே எட்டிப் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் பனையோலையில் காத்தாடி, நுங்கு கோந்தையில் வண்டி, எல்லாம் எங்கள் கையாலேயே செய்தோம். கடைக்கும் போகவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. இப்போது குழந்தைக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியவில்லை.

கோவை_செந்தில்:
ஐயா, நுங்கு வண்டிக்கு யாராச்சும் மார்க் போட்டாங்களா? போட்டிருந்தா உங்க அப்பாவும் வந்திருப்பாருங்க.

ரிட்டயர்டு_போஸ்ட்மாஸ்டர்:
தம்பி கேட்டதும் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது, மறைக்கக் கூடாது. 1959ல் நான் மூன்றாம் வகுப்பு. காந்தியின் ஆதாரக் கல்வி முறை எங்கள் பள்ளியில் இருந்தது, தக்ளி என்று சின்னக் கதிர், அதில் பஞ்சைத் திரித்து நூல் நூற்றுக் கொண்டுபோய் சிட்டமாக, அதாவது நூல்கட்டாகக் கட்டிக் கொடுக்க வேண்டும், வாத்தியார் எண்ணிப் பார்த்து மார்க் போடுவார். எனக்கு நூல் அறுந்து அறுந்து போகும். விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து நூற்றுக் கொடுத்தது எங்கள் அம்மா. வாத்தியார் "நல்ல சன்னமாக நூற்றிருக்கிறாயே" என்று வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார். வீட்டில் போய்ச் சொன்னேன், அம்மா சிரித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மதுரக்காரன்:
தாத்தா, மொத்த விவாதத்தையும் 1959க்கு கொண்டு போயிட்டீங்களே.

கரும்பலகை:
அந்த வாத்தியாருக்கும் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும் ஐயா.

சுபா_நெல்லை:
எல்லாத்தையும் படிச்சேன், ஆபீஸ்ல வேலையே ஓடல. இக்லூ திரும்பி வந்துட்டு, பத்துக்கு ஒன்பது. எஸ்கிமோ பொம்மை இல்லன்னு ஒரு மார்க் கொறச்சுட்டாங்களாம். எங்க வீட்டுக்காரருக்குத்தான் வருத்தம், பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. இன்னைக்கு சனிக்கெழம, காலைலருந்து அவளா செருப்பு டப்பாவ வச்சு என்னமோ பண்ணுதா. என்னட்டின்னு கேட்டா "ஆச்சி வீடு"ங்கா. தென்காசி பக்கம் எங்கம்மா இருக்க ஓட்டு வீடு. திண்ணை வச்சிருக்கா, தொழுவம் வச்சிருக்கா, தொழுவம் வீட்டவிட பெருசா இருக்கு, மாடு படுக்கணும்லாங்கா. கம்ல முடியும் ஒட்டிருக்கு மிஸ், பாத்துட்டேன். அவ கேட்டதே ஓட்டு வீடுதானாம், ரோல் நம்பர்ல வேற பையனுக்கு போயிட்டு. இப்ப ஓடு மட்டும் வரலன்னு மூஞ்சிய தூக்கி வச்சுகிட்டு உக்காந்திருக்கா. ரேவதிக்கா, நான் கை வைக்கல, சத்தியமா.

கோவை_செந்தில்:
ஓடுதானுங்களா? பார்சல் அட்டப்பெட்டி இருந்தா மேல் தாள தண்ணி தொட்டு உரிச்சு விடுங்க, உள்ள நெளிநெளியா வரும், செங்கல் கலர் அடிச்சா அசல் ஓடு மாதிரியே இருக்கும்.

ரேவதி_ரெண்டு_வாலு:
செந்தில் சார்!! அத அவளே கண்டுபிடிக்கட்டும்னு விட மாட்டீங்களா?

கோவை_செந்தில்:
ஐயோ, கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. டிலீட் பண்ணீர்றேன்.

சுபா_நெல்லை:
லேட்டு. பக்கத்துலயே உக்காந்து எழுத்துக்கூட்டி படிச்சுட்டா. பெட்டி எடுக்க மாடிக்கு ஓடியாச்சு.