“கிணறு வற்றியதே இல்லை” என்று பீற்றுகிறவர்களுக்கு ஒரு கேள்வி

கொறங்காட்டான்:
நேற்று நம் சாளைக்காரன் ஒரு பதிவு போட்டிருந்தார். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காங்கேயத்திலிருந்து பத்து நிமிடத்தில் ஏழு ஏக்கர் தோட்டம். நடுவில் தாத்தா கட்டிய, திறந்த முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு. சுற்றித் தென்னை, பட்டியில் ஆடு, வாசலில் வேம்பு. எண்பதடிக் கிணறு. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் நல்லது என்று போயிருப்பேன். “எழுபது வருடமாக எங்கள் கிணறு வற்றியதே இல்லை. திருப்பூரில் வாடகை வீட்டில் ஏன் கிடந்து சாகிறீர்கள், தோட்டத்துக்கே திரும்பி வாருங்கள்” என்று ஊருக்கெல்லாம் உபதேசம். ஆளாளுக்கு இதயம் விட்டிருக்கிறார்கள்.

2016 வடகிழக்குப் பருவமழை பாதிக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசே அறிவித்தது. நாங்கள் லாரித் தண்ணீர் வாங்கித் தென்னைக்கு ஊற்றினோம், அப்படியும் மரம் மரமாகக் கொண்டை சாய்ந்தது. உங்கள் கிணற்றுக்கு மட்டும் தண்ணீர் எங்கிருந்து வந்தது சாமி?

சாளைக்காரன்:
வணக்கமுங்க. வயிற்றெரிச்சலுக்கு மருந்தில்லை. 2017இல் தண்ணீர் இறங்கியது உண்மை, வற்றவில்லை. அடியில் ஆள் மட்டம் நின்றது. என் அப்பா உயிரோடு இருக்கிறார், வந்து கேட்டுக்கொள்ளலாம். இன்னொரு முறை சொல்கிறேன், எங்கள் கிணறு வற்றியதே இல்லை.

கொறங்காட்டான்:
தண்ணீர் நின்றதா, நீங்கள் நிறுத்தினீர்களா? தோட்டத்தில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருக்கிறதா இல்லையா? ஒரே கேள்விதான்.

திருப்பூர்வாசி:
அண்ணா, நான் சாளைக்காரன் அண்ணன் பதிவைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பனியன் கம்பெனி வேலை, மாதம் பாதிச் சம்பளம் வாடகைக்கே போகிறது. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே ஒரு வீடு கட்டலாம் என்று எண்ணம். கிணறு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கிளுவைவேலி:
தம்பி, முதலில் பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்கால் அந்த இடத்துக்கு மேற்கா கிழக்கா என்று பாருங்கள். சாளைக்காரன் தோட்டத்தை எனக்குத் தெரியும். வாய்க்கால் கரைக்குக் கீழேதான் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கசிவு நேராக அவர் கிணற்றுக்கு இறங்கும். பரம்பிக்குளத்துத் தண்ணீர் அவர் கிணற்றில் நிற்கிறது, தாத்தா பெயரை இவர் வாங்குகிறார்.

சாளைக்காரன்:
கிணறு வெட்டியபோது பிஏபியே கிடையாது. தாத்தா மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணறு அது. அப்போதும் வற்றவில்லை.

கிளுவைவேலி:
கவலை இறைக்கும் காலத்தில் கிணறுகள் இவ்வளவு சுலபத்தில் வற்றவில்லை. இரண்டு மாடு இறைப்பதற்கும் ஏழரை ஹெச்பி மோட்டார் இழுப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

கொறங்காட்டான்:
போர் இருக்கிறதா என்று கேட்டேன். கவலை, மாடு, தாத்தா எல்லாம் வந்துவிட்டது. போர் மட்டும் வரவில்லை.

கடைமடைக்காரி:
வெள்ளகோவில் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பிஏபி பேச்சு வந்ததால் சொல்கிறேன். பாசனம் நான்கு மண்டலம், முறை வைத்து விடுகிறார்கள். எங்கள் முறை வருவதற்கே வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்தாலும் கடைமடைக்கு வந்து சேருவது மேலே இருப்பவர்கள் ஓஸ் போட்டு உறிஞ்சியது போக மிச்சம்தான். கரையோரத்தில் கிணறு வெட்டி, பைப் போட்டு இழுத்துப் பல கிலோமீட்டர் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கிணறும் வற்றாது.

சாளைக்காரன்:
அம்மணி, என்னைத் தண்ணீர்த் திருடன் என்கிறீர்களா?

கடைமடைக்காரி:
நான் பெயர் சொல்லவில்லை. நீங்களே கை தூக்கினால் நான் என்ன செய்வது? இன்னொன்று, எனக்குப் பேரன் இருக்கிறான். அம்மணி என்று கூப்பிடும் வேலையெல்லாம் வேண்டாம்.

சாளைக்காரன்:
சரிங்க அக்கா. மரியாதையாகத்தான் கூப்பிட்டேன்.

கொறங்காட்டான்:
போர்?

சிட்டாஅடங்கல்:
எல்லோரும் வற்றுவது என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பாறை தெரிவதா? மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுப்பதா? ஒரு மணி நேரம் ஓட்டினால் நாள் முழுக்க ஊற விடவேண்டிய நிலையா? அது தெரியாமல் இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் முடியாது.

கொறங்காட்டான்:
வற்றினால் வற்றியது. இதற்கு வக்கீல் எதற்கு? சாளைக்காரன், கடைசியாகக் கேட்கிறேன்.

சாளைக்காரன்:
போர் இருக்கிறது. எல்லோர் தோட்டத்திலும் இருக்கிறது. அப்பா 2004 வாக்கில் போட்டது. அதற்கும் கிணற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

கொறங்காட்டான்:
வந்துவிட்டது பூனை வெளியே. போரில் கம்ப்ரசர் போட்டு ஏற்றி அந்தத் தண்ணீரைக் கிணற்றில் விடுகிறீர்கள், கிணற்றிலிருந்து மோட்டார் வைத்துத் தென்னைக்குப் பாய்ச்சுகிறீர்கள். காங்கேயத்தில் பாதித் தோட்டத்தில் நடப்பது இதுதான். பூமிக்கு அடியில் ஆயிரம் அடியிலிருந்து உறிஞ்சிக் கிணற்றில் ஊற்றிவிட்டு, கிணறு வற்றியதே இல்லை என்பது எப்படி? இந்தக் கணக்கில் என் வீட்டு அண்டாவும் வற்றியதே இல்லை.

சாளைக்காரன்:
எப்போதாவது விடுவோம். வெயில் காலத்தில் மட்டும். அதற்காகக் கிணறு வற்றியது என்று ஆகிவிடுமா? போர் தண்ணீர் விடாவிட்டாலும் ஊற்று இருக்கிறது.

கொறங்காட்டான்:
இருந்தால் ஒரு ஏப்ரல் மாதம் முழுக்கக் கம்ப்ரசரை நிறுத்திவிட்டுப் படம் போடுங்கள். இல்லையென்றால், பக்தர் கனவில் ஆண்டவன் சொல்லும் பொருளை வைக்கிற சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியில் ஒரு சொம்புக் கிணற்றுத் தண்ணீரை வைக்கச் சொல்லிக் கேட்போம்.

கிளுவைவேலி:
அதற்கும் ஆண்டவன் யார் கனவிலாவது வரவேண்டும் அல்லவா. சாளைக்காரன் கனவில் வந்தால் போர் தண்ணீரைத்தான் வைப்பார்.

திருப்பூர்வாசி:
அப்படியென்றால் நான் இடம் வாங்கினால் போரும் போட வேண்டுமா? எவ்வளவு ஆகும்?

கொறங்காட்டான்:
தம்பி, போர் செலவு மட்டுமா? கம்பி வேலி, வீட்டுக்குத் தனி மின் இணைப்பு, பாதை. விவசாயத்துக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தில் வீட்டு லைட்டு, ஏசி எல்லாம் ஓட்டக் கூடாது. சிலர் ஓட்டுகிறார்கள், அதை நான் இங்கே சொல்லவில்லை.

சாளைக்காரன்:
எங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறது. இலவச யூனிட் போக மிச்சத்துக்குக் கட்டுகிறோம். ரசீது போடட்டுமா?

கொறங்காட்டான்:
ரசீது வேண்டாம். கம்ப்ரசர் எத்தனை ஹெச்பி என்று போடுங்கள்.

கடைமடைக்காரி:
தண்ணீரை விடுங்கள். தம்பி, வயதான அம்மா அப்பாவைத் தனித் தோட்டத்து வீட்டில் குடிவைக்கப் போகிறேன் என்றீர்களே, அதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டேன் என்கிறார்கள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த வருடம் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த முதிய தம்பதி. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேர் இரவானால் வீட்டைப் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்ப் படுக்கிறார்கள். அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. இந்த லட்சணத்தில் தொட்டிக்கட்டு வீட்டில் நிலா பார்க்கலாம் என்று எழுதுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சாளைக்காரன்:
அக்கா, கேமரா வைத்திருக்கிறோம். இரண்டு நாய் இருக்கிறது. டவுனில் மட்டும் கொலை நடப்பதில்லையா? பயந்து பயந்து எல்லோரும் டவுனுக்கு ஓடியதால்தான் தோட்டம் ஆளில்லாமல் கிடக்கிறது. ஆளில்லாததால்தான் திருடன் வருகிறான். நாலு குடும்பம் திரும்பி வந்தால் நிலைமை மாறும்.

கிளுவைவேலி:
நாயைப் பற்றிப் பேசாதீர்கள். காங்கேயம், வெள்ளகோவில் சுற்றி நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப்போட்டு, செத்த ஆட்டைச் சாலையில் வைத்து மக்கள் இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். அதில் பாதி நாய் உங்களைப் போல அவிழ்த்துவிட்டவர்கள் வீட்டு நாய்தான்.

சாளைக்காரன்:
என் நாய் வேலி தாண்டாது.

கிளுவைவேலி:
எல்லா நாயும் அதன் முதலாளி சொல்லும்போது வேலி தாண்டாது.

சிட்டாஅடங்கல்:
திருப்பூர்வாசி, பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவா, உட்பிரிவு ஆகியிருக்கிறதா, வண்டிப் பாதை புல எல்லை வரைபடத்தில் இருக்கிறதா, இல்லை வாய்வார்த்தையாக விட்ட தடமா? எத்தனையோ தோட்டங்களில் அண்ணன் தம்பி பேச்சு நின்ற மறுநாள் தடத்தில் முள் போட்டுவிடுவார்கள். பெண் மக்கள் கையெழுத்து இருக்கிறதா என்பதும் முக்கியம்.

கடைமடைக்காரி:
நல்ல கேள்வி. சாளைக்காரன், உங்கள் அத்தைமார் கையெழுத்துப் போட்டார்களா?

சாளைக்காரன்:
அது எங்கள் வீட்டு விஷயம். அவர்களுக்கு நகையும் சீரும் செய்துதான் அனுப்பினோம். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்த 1989 சட்டத்துக்கு முன்னாலேயே கல்யாணம் ஆனவர்கள். பங்கு கிடையாது.

சிட்டாஅடங்கல்:
இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தில் அப்படித்தான், ஏற்கெனவே மணமானவர்களுக்கு இடமில்லை. 2005 மத்திய திருத்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் பதிவு செய்த பாகப்பிரிவினை இருந்தால் தப்பித்தீர்கள். பத்திரம் இருக்கிறதா?

சாளைக்காரன்:
தாத்தா வாயால் பிரித்துக்கொடுத்தார். ஊரே சாட்சி.

கடைமடைக்காரி:
கிணற்றுக்கு அப்பா சாட்சி, நிலத்துக்கு ஊர் சாட்சி. காகிதம் மட்டும் எதற்கும் இல்லை.

கொறங்காட்டான்:
அத்தைக்குப் பங்கு பிரித்தால் கிணற்றில் மட்டும் பொதுப் பங்கு என்று எழுதுவார்கள். அப்போது தெரியும் அது வற்றுமா வற்றாதா என்று. இந்தப் பக்கத்துக் கிணற்றுப் பங்கெல்லாம் முறை மோட்டார்தான், இன்று உனக்கு, நாளைக்கு எனக்கு. கம்ப்ரசர் கரண்டுக்கு யார் பொறுப்பு என்பதில்தான் கை கலக்கும்.

சாளைக்காரன்:
உங்கள் அண்ணன் உங்களுக்குத் தடம் விடாமல் முள் போட்ட கதையும் எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தை என் கிணற்றில் வந்து கொட்டாதீர்கள்.

கொறங்காட்டான்:
தடம் திறந்து ஆறு மாதம் ஆயிற்று. பேச்சை மாற்றாதீர்கள். எத்தனை ஹெச்பி?

திருப்பூர்வாசி:
அண்ணா, நான் இடம் பார்ப்பதா வேண்டாமா? யாராவது ஒருவர் சொல்லுங்கள்.

கிளுவைவேலி:
வாய்க்காலுக்குக் கீழே கிடைத்தால் வாங்குங்கள்.

கடைமடைக்காரி:
ஆமாம், எங்களுக்கு வருகிற சொட்டையும் கீழே இழுத்துக்கொள்ள இன்னொரு ஆள். நன்றாக இருக்கிறது உங்கள் யோசனை. சொந்தக்காரர் யாராவது அங்கே விற்கிறார்களா?

கிளுவைவேலி:
என்னைத் தரகர் என்கிறீர்களா? நான் கிணறு வெட்டி வெள்ளாமை வைத்த ஆள்.

கொறங்காட்டான்:
உங்கள் கிணறு வற்றியதா?

கிளுவைவேலி:
அது வேறு விஷயம்.