ஒயர் அறுந்தால் வண்டி நிற்க வேண்டும்: மாதிரி ரயில் பாதையில் சென்சாரும் ரிலேயும் இணைத்த அனுபவம்

என் மாதிரி ரயில் பாதை 1:87 அளவில், 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் அமைந்த ஒற்றை வட்டம். நிலையத்தில் மட்டும் ஒரு லூப் லைன் பிரிந்து மீண்டும் சேர்கிறது. இரண்டு வண்டிகள் மாறி மாறிச் சுற்றி வர வேண்டும், ஒன்று நிலையத்துக்குள் முழுவதும் வந்து சேர்ந்த பிறகே மற்றொன்று புறப்பட வேண்டும் என்பதே நான் விரும்பிய தானியங்கி ஏற்பாடு. அதற்காக இரு லைன்களிலும் புறப்படும் முனையில் ஒரு பக்கத் தண்டவாளத்தை வெட்டி இடைவெளி விட்டு, அந்தத் துண்டுகளுக்குப் போகும் 12 வோல்ட் மின்சாரத்தைத் தனித்தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகக் கொடுத்தேன்.

நிறுத்த வேண்டிய நேரத்தில் மட்டும் ரிலே இயங்கினால் போதும் என்று எண்ணி, இயல்பாக மூடியிருக்கும், அதாவது ரிலே இயங்காதபோது மின்சாரத்தைக் கடத்தும், முனையில் ஒயரை இணைத்ததுதான் நான் செய்த பிழை. பல வாரங்கள் குறையின்றி ஓடியது. பிறகு ஒருநாள், ரிலேக்களை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுக் கணினிப் பலகைக்கு மின்சாரம் தரும் பிளக் தளர்ந்து கழன்றது. இரண்டு ரிலேக்களும் ஒரே நேரத்தில் விடுபட, இரண்டு துண்டுகளுக்கும் மின்சாரம் பாய்ந்து, நின்றிருந்த இரு வண்டிகளும் சேர்ந்தே புறப்பட்டன. லூப் சேரும் பாயிண்ட்டில் ஒன்றின் பக்கவாட்டில் மற்றொன்று மோதி, எனக்கு மிகவும் பிடித்த என்ஜினின் இணைப்புக் கொக்கி முறிந்தது.

உண்மையான ரயில்வே இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் முதலில் வடிவமைத்த முறையில், வண்டி வரும்போதுதான் மின்சுற்று மூடிக்கொள்ளும். பாட்டரி தீர்ந்தாலோ ஒயர் அறுந்தாலோ பாதை காலியாக இருப்பதாகவே அது காட்டும். 1872இல் அவர் காப்புரிமை பெற்ற மூடிய சுற்று முறை இதைத் தலைகீழாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் ஓடும் மின்சாரம் ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும். வண்டியின் சக்கரமும் அச்சும் அதைக் குறுக்குச் சுற்றாக்கும்போது ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். பாட்டரி தீர்ந்தாலும் தண்டவாளம் உடைந்தாலும் விளைவு அதே சிவப்புதான். இதை மனத்தில் வைத்து முழு ஒயரிங்கையும் மாற்றினேன். இப்போது இயல்பாகத் திறந்திருக்கும் முனையே பயன்படுகிறது. வழி காலி என்று உறுதியான பிறகே ரிலே இயங்கி அந்தத் துண்டுக்கு உயிர் கொடுக்கும்.

சென்சாரிலும் அதே விதியைக் கடைப்பிடித்தேன். முன்பு என்ஜின் அடியில் காந்தமும் தண்டவாளங்களுக்கு இடையே, காந்தம் அருகில் வந்தால் இயங்கும் ரீட் சுவிட்ச்சும் வைத்திருந்தேன். காந்தம் சற்று விலகினால் வண்டி வந்ததே பதிவாகாது. இப்போது பாதையின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., எதிர்ப்பக்கம் அந்த ஒளியை உணரும் போட்டோடிரான்சிஸ்டர். ஒளி விழுந்துகொண்டிருந்தால்தான் காலி, எல்.இ.டி. அணைந்தாலும் ஒயர் அறுந்தாலும், ஆர்டுயினோவின் உள் புல்-அப் மின்தடை சென்சார் இணைந்த முனையை உயர்நிலைக்கு (உயர் மின்னழுத்தத்துக்கு) இழுத்து, வண்டி இருப்பதாகவே காட்டும். பெட்டிகளுக்கு இடையிலுள்ள சந்தில் ஒளி புகாமலிருக்கக் கற்றையைப் பாதைக்குக் குறுக்கே சாய்வாக அமைத்தேன். அத்துடன் 2 விநாடி தொடர்ந்து ஒளி கிடைத்தால்தான் காலி என்று நிரலில் எழுதினேன்.

எங்கள் மாதிரி ரயில் குழுவின் மற்றொரு உறுப்பினரின் அனுபவம்:

தங்கள் முறையையே நானும் பின்பற்றினேன். ஆயினும் மின்சாரம் போட்டவுடன் வண்டி ஒருமுறை துள்ளி நகர்ந்தது. என் ரிலே பலகை, உள்ளீடு தாழ்நிலைக்கு வந்தால் இயங்கும் வகை. நிரலில் ஆர்டுயினோவின் முனையை வெளியீடாக அறிவித்த கணமே அது தாழ்நிலைக்குப் போய்விடுகிறது. முதலில் உயர்நிலையை எழுதிவிட்டு, அதன் பிறகு வெளியீடாக அறிவித்ததும் துள்ளல் நின்றது. தனி ரிலே வாங்கி நாமே இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 5 வோல்ட் ரிலேயின் சுருள் பலவற்றுக்குச் சுமார் 70 மில்லி ஆம்பியர் தேவை; ஆர்டுயினோ ஊனோவின் முனை அதைத் தாங்காது. இடையில் டிரான்சிஸ்டரும், சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டையோடும் கட்டாயம். டையோடு இல்லாதபோது, ரிலே விடுபடும் நேரத்து மின்னழுத்தத் துடிப்பால் என் சென்சார்கள் இல்லாத வண்டியைக் கண்டன.

மூன்றாவது உறுப்பினர்:

நான் டி.சி.சி. (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி வண்டிகளை இயக்கும்) முறையில் ஓட்டுகிறேன்; பிளாக் எனப்படும் பாதைப் பிரிவு ஒவ்வொன்றிலும் மின்னோட்டத்தை உணரும் பலகை உண்டு. ஒளிக்கற்றை ஒரு புள்ளியை மட்டுமே பார்க்கும். கழன்று நடுவழியில் நின்றுவிட்ட பெட்டியை அது அறியாது. என் பெட்டிகளில் ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை வைத்திருப்பதால், தனியே நிற்கும் பெட்டியும் தெரிகிறது. ஆனால் முதல் பதிவைப் படித்த பிறகு என் ஏற்பாட்டின் குறை புரிந்தது: பிளாக்குக்குச் செல்லும் ஒயர் அறுந்தால் மின்னோட்டம் இராது, நிற்கும் வண்டி காலியாகத் தோன்றும். ஆகவே பிளாக்கில் நுழைந்த வண்டி அடுத்த பிளாக்கில் தென்படும் வரை முந்தைய பிளாக்கைக் காலி என்று ஏற்க வேண்டாம் என நிரலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.