உறைபனியில் டயர் வழுக்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?

தலைகுந்தா விவசாயி:
ஜனவரி விடியற்காலை நம் நீலகிரியில் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், கற்பூர மரங்களின் நிழல் விழும் அந்த வளைவு. வேகம் முப்பதுகூட இல்லை. பிரேக்கை மிதித்தேன். காலடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்ததே தவிர, வண்டி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தும் நேராகவே போனது. மைல்கல்லுக்கு ஒரு சாண் முன்னால் தானாக நின்றது. அந்த ஒரு சாணை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. ஜெர்மனியில் இருக்கும் மச்சான், குளிர்கால டயர் மாட்டச் சொல்கிறான். கோயம்புத்தூரில் விசாரித்தால் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். யாராவது மாட்டியிருக்கிறீர்களா?

கோத்தகிரி ஆசிரியை:
பனி வருடத்தில் சில வாரங்கள்தான், அண்ணா. எனக்கு பயம் ஐப்பசி மழைதான். மேட்டுப்பாளையம் இறக்கத்தில், ஈரச் சாலையில் எவனோ டீசல் ஒழுகவிட்டுப் போயிருந்தான். காரின் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. பின் இருக்கையில் இருந்த மகளின் டிபன் டப்பா டேஷ்போர்டில் வந்து விழுந்தது. இத்தனைக்கும் முன்னால் இரண்டும் புது டயர்!

குன்னூர் மெக்கானிக்:
டீசல்மேல் மட்டும் பழி போடாதீர்கள், அம்மா. புது ஜோடியைப் பின்னால்தான் மாட்ட வேண்டும். பின் டயர் பிடி விட்டால் வண்டி சுழன்றுவிடும். முன் டயர் விட்டால் வேகத்தைக் குறைத்தாவது சமாளிக்கலாம். இனி விவசாயி அண்ணாவுக்கு. கோடை டயர், அதாவது நாம் மாட்டும் சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மென்மையாக இருக்கும், தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளான பட்டன்களில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும், பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் பனிப்பூவும் பொறித்திருக்கும். ஜெர்மனியில் பனிச்சாலை என்றால் அது சட்டப்படியே கட்டாயம். ஆனால் நீங்கள் காலையில் தலைகுந்தா, மதியம் மேட்டுப்பாளையம் வெயில் என்று ஓடுகிறவர். அந்தச் சூட்டில் மென்மையான ரப்பர் கடகடவென்று தேய்ந்துபோகும், பிரேக் பிடித்தாலும் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும். அந்தப் பணத்தில் நல்ல சாதாரண டயரே வாங்குங்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டமே ஒப்புக்கொள்ளாது. மலையில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மஞ்சூர் ஓட்டுநர்:
எந்த டயராக இருந்தாலும் உறைபனியில் பிரேக்கை நம்பக்கூடாது, மெக்கானிக் சார். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கி, பிரேக் கருகி நாற்றம் அடிக்க ஓரமாக நின்ற வெளியூர் வண்டிகளைப் பார்த்ததில்லையா? அவற்றில் பாதி புது டயர்தான்.

தலைகுந்தா விவசாயி:
இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். 1419 என்று இருக்கிறது. 2019 ஏப்ரல் சரக்கு! சென்ற வருடம் "புத்தம் புதுசு" என்று சொல்லித் தலையில் கட்டியவனிடம் நாளைக் காலையே போகிறேன். பில் பத்திரமாக இருக்கிறது.