சைலன்சர் வாயும் டாய்லெட் ஆசிட்டும்

நான்கு வருடமாக ஓட்டும் பெட்ரோல் கார். முன்னால் நின்று பார்த்தால் பளபளவென்று இருக்கும். பின்னால் போனால் சைலன்சர் வாய் மட்டும் விறகடுப்புச் சுவர் மாதிரி. ஆயுதபூஜைக்கு முதல்நாள் வண்டியைக் கழுவி, டயருக்கெல்லாம் பாலிஷ் போட்டு முடித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. "சந்தனம் குங்குமம் வைக்கிற வண்டிக்கு இப்படி ஒரு கரிவாயா?" என்று வீட்டுக்காரி சிரித்தாள். அந்த ரோஷத்தில்தான் தப்பு பண்ணினேன்.

பாத்ரூமில் இருந்த டாய்லெட் கிளீனரை எடுத்துவந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரை பழுப்பாக வழிந்தது. ஆகா, வேலை செய்கிறதே என்று பத்து நிமிடம் ஊறவும் விட்டேன். கழுவிப் பார்த்தால் கரி பாதிகூடப் போகவில்லை. போன இடத்தில் பளபளப்பும் சேர்ந்து போயிருந்தது. வெளிறிய சாம்பல் திட்டு, விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. இரண்டு வாரத்தில் அந்தத் திட்டுகளில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள்.

நடந்தது என்னவென்று அப்புறம்தான் புரிந்தது. அந்தக் கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே அதன் மேல் படர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலத்தால்தான். குளோரைடு முதலில் துளைப்பது அந்தப் படலத்தை. கரியோ வெறும் கார்பன், அமிலத்தில் கரையாது. போகவேண்டியதை விட்டுவிட்டு இருக்கவேண்டியதைக் கரைத்திருக்கிறேன்.

சரி, மீட்டது எப்படி என்று சொல்கிறேன். ஞாயிறு காலை, வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் உட்கார்ந்தேன். சூடான குழாயில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும், பாலிஷும் தடவிய வேகத்தில் காய்ந்துவிடும். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க ஒரு துணியை வாயில் திணித்தேன். அதன் வால் வெளியே நீளமாகத் தொங்கட்டும், மறந்து ஸ்டார்ட் பண்ணிவிடக் கூடாது. வெந்நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு சுற்று. எண்ணெய்ப் பிசுக்கு போனது. காயவிட்டு டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்துப் பதினைந்து நிமிடம் விட்டேன். இறுகிப்போன கரி அதில்தான் இளகியது.

அடுத்து ஸ்டீல் வூல். 0000 கிரேடு கேட்டு வாங்குங்கள், பஞ்சு போல இருக்கும். நான் கேட்டபோது கடைக்காரர் சமையலறைக் கம்பி நாரை எடுத்து நீட்டினார். அதைப் போட்டால் விழும் கோடுகள் எந்தப் பாலிஷுக்கும் மறையாது. வளையம் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் போக்கிலேயே, அழுத்தாமல் தேய்த்தேன்.

கடைசியாக மெட்டல் பாலிஷ். நான் போட்டது ஆட்டோசால், சுண்டைக்காய் அளவு போதும். இங்கே ஒன்று சொல்லவேண்டும். துடைக்கத் துடைக்கத் துணி கருத்துக்கொண்டே வரும். இன்னும் அழுக்கு இருக்கிறதென்று நினைத்து முக்கால் மணி நேரம் தேய்த்தேன். அழுக்கு எப்போதோ போய்விட்டது. அந்தக் கருப்பு, பாலிஷ் உரசி எடுத்த உலோகத்தூள். விரல் நகம் குழாயில் தெளிவாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

இப்போது தூரத்தில் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. குனிந்து பார்த்தால் அம்மைத் தழும்பு போலக் குழிகள். அவை போகாது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் கரியைவிட உப்புதான் எதிரி. உப்பளத்துப் பக்கம் வேலை, வண்டி நாள் முழுக்க வெயிலிலும் கடற்காற்றிலும் நிற்கும். என்னுடையது எவர்சில்வர் இல்லை, இரும்பின் மேல் குரோம் முலாம் பூசிய முனை. ஒரு வருடத்தில் மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி துரு வந்துவிட்டது.

மெக்கானிக் அண்ணன் சொன்ன வைத்தியம் பரோட்டா பார்சலில் வரும் அலுமினியத் தாள். நம்பாமல்தான் செய்தேன். தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பழுப்புக் குழம்பாக வழிந்து, அடியில் குரோம் மின்னுகிறது! அலுமினியம் குரோமியத்தைவிட மிகவும் மென்மையான உலோகம், அதனால் முலாமைக் கீறுவதில்லை. ஆனால் முலாம் உரிந்து இரும்பு வெளியே தெரிகிற இடத்தில் இந்த வைத்தியம் ஒரு மாதம்கூடத் தாங்காது. துரு திரும்ப வந்துவிடும். என் முனையின் அடிப்பக்கம் அப்படித்தான் ஆகிவிட்டது. அதற்கு வேறு முனை மாட்டவேண்டியதுதான்.

இன்னொன்று, அலுவலகம் எனக்கு மூன்று கிலோமீட்டர். குழாய் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குழாய் நன்றாகச் சூடானால் அது ஆவியாகவே வெளியேறும். இல்லாவிட்டால் உள்ளேயே குளிர்ந்து தேங்கி, காலையில் சொட்டுச் சொட்டாக வடியும். அப்பா அதைப் பார்த்துவிட்டு இன்ஜின் ஒழுகுகிறது என்று ஒரு வாரம் புலம்பினார். இப்போது ஞாயிறுதோறும் திருச்செந்தூர் வரை ஒரு ஓட்டம். முருகனுக்கும் ஆச்சு, சைலன்சருக்கும் ஆச்சு.

*

என் கதை சின்னது, சிரிக்காதீர்கள். பம்பரின் இரண்டு ஓரத்திலும் பட்டையாகக் குரோம் வாய் இருக்கும் புது கார். மேலே சொன்ன அதே ஸ்டீல் வூலால் இடதுபக்கம் முழுக்கத் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் வெள்ளி நிறம் போய் உள்ளே கருப்பு தெரிந்தது. பிளாஸ்டிக்! அலங்காரத்துக்கு ஒட்டியது. உண்மையான குழாய் பம்பருக்கு அடியில் தரையைப் பார்த்தபடி வளைந்து நிற்கிறது. வாயில் கரியே இல்லையே என்று முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தேய்க்கும் முன் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், அடைத்திருந்தால் ஷாம்பு மட்டும் போதும்.

*

நான் டீசல்காரன், மதுரை. இரண்டு வருடம் முன்பு பழைய கார் ஒன்று வாங்கினேன், 2021 மாடல். விற்றவர் வண்டியைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். சைலன்சர் வாயில் முகம் பார்க்கலாம். அதைப் பார்த்தே மனசு மயங்கிவிட்டது என்று சொன்னால் தப்பில்லை.

பத்தே நாளில் அந்த வாய் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. துடைத்தேன். மறுபடியும் ஒரு வாரத்தில் அதே கரி, தொட்டால் விரலில் மை மாதிரி ஒட்டும். டீசல் என்றால் அப்படித்தான் என்று பாலிஷ் டியூப் ஒன்றே தீர்ந்துபோகும் வரை துடைத்திருக்கிறேன். நான் முன்பு வைத்திருந்த பழைய டீசல் வண்டிகள் எல்லாம் அப்படித்தானே இருந்தன?

பிரேக் வேலைக்கு விட்டபோது மெக்கானிக் அந்த வாயை வெள்ளைத் துணியால் ஒரு துடை துடைத்து என்னிடம் காட்டினார். "சார், 2020 ஏப்ரலுக்கு அப்புறம் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியில் இந்தக் கரி வரக்கூடாது. புகையை வடிகட்ட ஃபில்டர் இருக்கு, கரியை அதுவே பிடிச்சுவெச்சு எரிச்சிடும்" என்றார். வண்டியைத் தூக்கிப் பார்த்தால் ஃபில்டரின் கூடு மட்டும் இருக்கிறது, வெட்டித் திரும்ப வெல்டிங் வைத்த தழும்போடு. உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். நான் இரண்டு மாதமாகத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தது அழுக்கு இல்லை, ஆதாரம். விற்றவரும் அதைத்தான் துடைத்திருக்கிறார்!

இப்போது பழைய டீசல் கார் பார்க்க யார் கூப்பிட்டாலும் பேன்ட் பாக்கெட்டில் வெள்ளைக் கைக்குட்டையோடுதான் போகிறேன்.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். மதுரைக்காரரே, படித்ததிலிருந்து கரியைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. என்னுடையது நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ இன்ஜின், அதில் உலர்ந்த கரி கொஞ்சம் படிவது சகஜம் என்று சர்வீஸில் சொன்னார்கள். தொட்டால் பிசுபிசுவென்று எண்ணெயாக இருந்தால்தான் கவலை, இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தமாம். இன்று தொட்டுப் பார்த்தேன், பொடிதான்.

காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை, இரும்புதானே என்று ஒரு நண்பர் தனியாகக் கேட்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் 304 ரகத்துக்கு அது ஓரளவு பொருந்தும். சைலன்சர் குழாய்க்கு அதிகம் பயன்படுத்துவது 409 என்ற மலிவான ரகம். அதில் நிக்கல் கிடையாது என்றே சொல்லலாம், காந்தம் நன்றாக ஒட்டும். அதுவும் எவர்சில்வர்தான்.

மாதம் ஒருமுறை, கழுவும்போது கூடவே சோப்பும் டூத் பிரஷ்ஷும் போதும், பாலிஷ் வருடத்துக்கு இரண்டு தடவை. துடைத்த பிறகு சக்கரத்துக்குப் போடும் சூடு தாங்கும் வேக்ஸ் ஒரு பூச்சு. வாய்க்கு உள்ளே ஒரு விரல் ஆழம் வரை துடையுங்கள், பின்னால் வருபவன் கண்ணில் படுவது அந்த இடம்தான். டாய்லெட் கிளீனர் பாட்டிலை வீட்டுக்காரி இப்போது பரண்மேல் வைத்திருக்கிறாள்.