மனநல சிகிச்சைக் குறிப்புகள் மட்டும் ஆஸ்பத்திரி ஆப்பில் ஏன் வருவதில்லை?

வைகைக்கரை:
மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டிப்ரஷனுக்கு சிகிச்சை எடுக்கிறேன், நடுவில் அட்மிட் ஆகியும் இருந்தேன். அவர்கள் ஆப்பில் தைராய்டு ரிப்போர்ட், பில், எல்லாம் வருகிறது, மனநலப் பிரிவில் எழுதியது மட்டும் ஒரு வரிகூட இல்லை. கவுன்டரில் கேட்டால் "சைக்கியாட்ரி ஃபைலை பேஷண்ட் கையில் தரமாட்டோம், வீட்டு ஆளை வரச்சொல்லுங்க" என்கிறார்கள். வேலை மாறி கோயம்புத்தூர் போகிறேன். எந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எதை எவ்வளவு டோஸ் வரை ஏற்றினார்கள் என்றெல்லாம் புது டாக்டர் கேட்பாரே, வெறும் ஞாபகத்தில் இருந்து என்ன சொல்வது? இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? படித்தால் மனசு இன்னும் கெட்டுவிடும் என்று அம்மா சொல்கிறார், எனக்கும் அந்த பயம் கொஞ்சம் இருக்கிறது.

நீதிமன்ற வாசல்:
உரிமை இருக்கிறது தோழி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதம் அமலுக்கு வந்தது, அதன் 25ஆம் பிரிவைப் பாருங்கள். தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை நோயாளிக்கே உண்டு. நீங்கள் உள்நோயாளியாக இருந்ததால் 2018 விதிகளில் உள்ள 'படிவம் ஏ'யில் எழுதிக் கொடுங்கள், 15 நாளுக்குள் தர வேண்டும். டாக்டர் சில விஷயங்களை நிறுத்திவைக்கலாம்தான். ஆனால் அதைச் சொன்னால் உங்கள் மனநிலைக்குக் கடுமையான பாதிப்பு வரும், அல்லது வேறு யாருக்காவது தீங்கு வரும் என்றால் மட்டும், அதுவும் அந்தக் குறிப்பிட்ட தகவலை மட்டும். மொத்த ஃபைலையும் பூட்டிவைக்க இடமில்லை. அப்படி நிறுத்தினாலும், மனநல மறுஆய்வு வாரியத்தில் நீங்கள் முறையிடலாம் என்பதை அவர்களே உங்களிடம் சொல்லியாக வேண்டும். கவுன்டரில் வாயால் கேட்காதீர்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பில் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதனால் காகிதமாகவோ பிடிஎஃப் ஆகவோ கிடைத்தால் போதும் என்று கேளுங்கள்.

வார்டு எண் ஆறு:
நான் மனநல மருத்துவர், அரசு ஆஸ்பத்திரியில் வேலை. கவுன்டரில் சொன்னது தப்பு, அதில் எனக்கு சந்தேகமே இல்லை. ஆனால் நாங்கள் ஏன் தயங்குகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் கேஸ் ஷீட்டில் பாதி, கூட வந்தவர் சொன்னது. "ராத்திரி எல்லாம் தூங்கமாட்டாள், என்னை அடிக்க வந்தாள்" என்று அம்மாவோ கணவரோ தனியாக வந்து சொல்லியிருப்பார்கள், சொன்னது யார் என்ற பெயரோடு எழுதியிருக்கும். அது திடீரென்று போன் திரையில் வந்து நின்றால் அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள், எனக்கு உண்மையான கவலை அதுதான், நோயின் பெயரை நோயாளி படித்துவிடுவாரே என்பது இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக வைத்துவிட்டு மற்றதைக் கொடுப்பதுதான் முறை. உங்களுக்கு இப்போது வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துப் பட்டியல் தேதியோடும் டோஸோடும், என்ன பக்கவிளைவு வந்து எதை நிறுத்தினார்கள், மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை எடுத்திருந்தால் ரத்தத்தில் அதன் அளவு காட்டும் ரிப்போர்ட். முடிந்தால் உங்கள் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். புரியாத இடத்தில் அங்கேயே கேட்டுவிடலாம், ராத்திரி தனியாக கூகுள் பார்த்து பயப்பட வேண்டாம்.

ஜெர்சி தமிழச்சி:
இங்கே அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் இருந்து டாக்டர் எழுதும் குறிப்புகளை நோயாளி ஆன்லைனில் பார்ப்பதைக் காரணமில்லாமல் தடுக்கக்கூடாது. மனநலத்துக்கும் அதே விதி. தெரபிஸ்ட் தனியாக வைத்துக்கொள்ளும் உளவியல் சிகிச்சைக் குறிப்புகள் மட்டும் இதில் வராது, மருந்தும் நோய் கணிப்பும் சிகிச்சைத் திட்டமும் வரும். 'படித்தால் வருத்தப்படுவார்' என்பதை மட்டும் சொல்லி இங்கே மறைக்க முடியாது, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று காட்ட வேண்டும். நான் என்னுடையதை மாதாமாதம் படிக்கிறேன். சில வரிகள் சுருக்கென்று குத்தும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் சொன்னதை அவர் கவனித்துக் கேட்டிருக்கிறார் என்று எழுத்தில் பார்ப்பது எனக்குப் பெரிய தெம்பு. பயந்துகொண்டு கேட்காமல் விட்டுவிடாதீர்கள் சகோதரி.

கரிசல் மண்:
ஒரு விஷயம் யாருமே சொல்லவில்லை. அந்த ஆப் யார் போன் நம்பரில் இருக்கிறது? நம் வீடுகளில் அப்பா, அண்ணன் நம்பரைக் கொடுத்துத்தான் பதிவு செய்திருப்பார்கள், ஓடிபி அவர்களுக்குத்தான் போகும். அப்புறம் நாளைக்கு ஃபைல் முழுக்க ஆப்பில் வந்தால் உங்களுக்கு முன்னால் அவர்கள்தான் படிப்பார்கள். ஆபா எண் (மருத்துவப் பதிவுகளை இணைக்க மத்திய அரசு தரும் டிஜிட்டல் சுகாதார எண்) எடுத்திருந்தாலும் இதே கதைதான், எந்த மொபைலோடு இணைத்திருக்கிறது என்று பாருங்கள். அதில் ஒரு டாக்டருக்கு அனுமதி கொடுக்கும்போது எந்தப் பதிவு, எந்தக் காலத்துக்கு உரியது, அனுமதி எப்போது முடிய வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அதே மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ரகசியம் காக்கும் உரிமையும் இருக்கிறது, கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பார்த்தேன், அண்ணன் நம்பர்தான் இருக்கிறது, முதலில் அதை மாற்றுகிறேன், திங்கட்கிழமை கடிதம் கொடுக்கிறேன். டாக்டர் சார், லித்தியம் ரிப்போர்ட்டையும் அதே கடிதத்தில் கேட்கலாமா?

வார்டு எண் ஆறு:
கேளுங்கள். ரத்தப் பரிசோதனை என்பதால் ஆப்பில் லேப் பக்கத்திலேயே இருக்கவும் வாய்ப்பு உண்டு, முதலில் அங்கே பாருங்கள். கோயம்புத்தூரில் புது டாக்டரைப் பார்க்கும்வரை மாத்திரை கையிருப்பு தீராமல் இப்போதே சீட்டு வாங்கிவிடுங்கள்.