உதவி: 1001 தேடினால் 2002-இன் ரிசல்ட் வருகிறது (ஜாவா சர்வ்லெட், டாம்கேட், போஸ்ட்கிரெஸ்)

கேள்வி

வணக்கம். ஆர்டர் எண்ணைக் கொடுத்துத் தேடும் ஒரு பக்கம்: டாம்கேட் சர்வரில் ஓடும் சர்வ்லெட் (பிரவுசரின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்), பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். தனியாகச் சோதித்தால் ஒரு பிசகும் இல்லை. ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் தேடினால் 1001 கேட்டவருக்கு 2002-இன் வரிகள் வருகின்றன. சில நேரம் பாதியில் நின்று, ரிசல்ட்செட் (குவெரி தந்த வரிகள்) மூடப்பட்டுவிட்டது என்று எரர்.

கிளாஸின் தலையிலேயே கனெக்‌ஷன், ஸ்டேட்மென்ட், தேடல் சொல், முடிவு லிஸ்ட் நான்கையும் ஃபீல்டாக வைத்திருக்கிறேன். சர்வ்லெட் தொடங்கும்போது ஓடும் இனிட்டில் கனெக்‌ஷன் திறக்கிறேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓடும் டூகெட்டில் தேடல் சொல்லை வாங்கி, குவெரி ஓட்டி, லிஸ்ட்டை நிரப்பி, பக்கத்தை வரையும் ஜேஎஸ்பிக்கு அனுப்புகிறேன். ஐசோலேஷன் லெவலை (டிரான்சாக்‌ஷன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் அளவு) மிகக் கடுமையான சீரியலைசபிள் ஆக்கியும் பார்த்துவிட்டேன், மாற்றம் இல்லை. டேட்டாபேஸில் ஏதும் செட்டிங் விட்டுப்போயிருக்குமா?

பதில் 1

டேட்டாபேஸ் மேல் பழி வேண்டாம். கேட்டதற்குத்தான் அது பதில் தருகிறது, கேள்வியே மாறிப் போகிறது.

டாம்கேட் உங்கள் சர்வ்லெட்டுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் உருவாக்கும். வரும் கோரிக்கை ஒவ்வொன்றும் தனித் த்ரெட்டில் (இணையாக ஓடும் வேலை இழை) அதே ஆப்ஜெக்ட்டுக்குள் நுழைகிறது. அதனால் ஃபீல்டு எல்லாம் பொதுச்சொத்து. முதல் ஆள் 1001 என்று எழுதி, குவெரி ஓடும் முன் இரண்டாம் ஆள் அதே இடத்தில் 2002 என்று எழுதிவிட்டால், இருவருக்கும் 2002-தான். அந்த எரருக்கும் இதுவே காரணம்: ஒரே ஸ்டேட்மென்ட்டை மறுபடி ஓட்டினால் அதன் பழைய ரிசல்ட்செட்டை ஜேடிபிசி (ஜாவாவின் டேட்டாபேஸ் இடைமுகம்) தானாக மூடிவிடும். அதை இன்னொரு த்ரெட் பாதி படித்துக்கொண்டிருந்தாலும் சரி.

ஐசோலேஷன் லெவல் இங்கே எடுபடாது. கனெக்‌ஷன் ஒன்றுதான் என்பதால் போஸ்ட்கிரெஸின் கண்ணுக்கு நீங்கள் எல்லோரும் ஒரே ஆள்.

உறுதி செய்ய: தேடல் சொல்லை ஃபீல்டில் வைக்கும் வரிக்கும் குவெரி ஓடும் வரிக்கும் நடுவில் த்ரெட் ஸ்லீப் 5000 போடுங்கள். இரண்டு வேறு பிரவுசரில், 2 விநாடி இடைவெளியில் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் குழம்பும். (ஒரே பிரவுசரின் இரு டேப் வேண்டாம், செஷன் (சர்வர் ஒரு பிரவுசருக்காக வைக்கும் நினைவு) ஒன்றாகிச் சோதனை கெட்டுவிடும்.) கூடவே த்ரெட் பெயரையும், போஸ்ட்கிரெஸின் பிஜி_பேக்கெண்ட்_பிஐடி தரும் எண்ணையும் லாகில் எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் இரு த்ரெட்டுக்கு ஒரே எண் வந்தால் கனெக்‌ஷனைப் பங்கு போடுகிறார்கள் என்று பொருள்.

கேட்டவர்

ஸ்லீப் போட்டதும் ஒவ்வொரு முறையும் குழம்பியது. இப்போது டூகெட்டுக்கு சிங்க்ரனைஸ்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும் பூட்டு) போட்டேன், சரியாகிவிட்டது. இதோடு விடலாமா?

பதில் 2

வேண்டாம். எல்லோரையும் ஒற்றை வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். குவெரிக்கு 2 விநாடி என்றால், ஒன்றாக வந்த பத்துப் பேரில் கடைசி ஆளுக்கு 20 விநாடி. பூட்டும் அந்த ஒரு சர்வ்லெட்டுக்குத்தான். நாளை வேறொரு சர்வ்லெட் அதே கனெக்‌ஷனைத் தொட்டால் பழைய கதைதான்.

சிங்கிள்த்ரெட்மாடல் (ஒரு சர்வ்லெட் ஆப்ஜெக்ட்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரே த்ரெட் என்ற இடைமுகம்) போடச் சொல்லும் பழைய குறிப்புகளும் கண்ணில் படும். சர்வ்லெட் 2.4-இலேயே அது கைவிடப்பட்டது, 6.0-இல் நீக்கியே விட்டார்கள். இருந்த காலத்திலும் ஸ்டேட்டிக் மாறிகளை அது காப்பாற்றியதில்லை.

செய்ய வேண்டியது: நான்கு ஃபீல்டையும் எடுத்துவிடுங்கள். தேடல் சொல்லும் லிஸ்ட்டும் டூகெட்டுக்குள் லோக்கல் மாறி ஆகட்டும். லிஸ்ட்டை ரிக்வெஸ்ட் அட்ரிபியூட்டில் வைத்து ஜேஎஸ்பிக்கு அனுப்புங்கள். ஃபீல்டாக இருக்கத் தக்கது டேட்டாசோர்ஸ் மட்டும் (திறந்த கனெக்‌ஷன்களின் சேமிப்பான பூலிலிருந்து கடன் தருவது). ஒவ்வொரு கோரிக்கையிலும் அதனிடம் கனெக்‌ஷன் வாங்கி, கனெக்‌ஷன், பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட், ரிசல்ட்செட் மூன்றையும் டிரை அடைப்புக்குள் திறந்தால் தானாகவே மூடிக்கொள்ளும். பூலில் க்ளோஸ் என்றால் திருப்பிக் கொடுப்பதுதான், இணைப்பு அறுந்துவிடாது.

பூல் அளவையும் பாருங்கள். டாம்கேட்டின் த்ரெட் உச்சம் இயல்பாக 200. அதனுடன் வரும் டிபிசிபி பூலின் இயல்பு அளவு 8, ஹிகாரி என்ற இன்னொரு பூலில் 10. க்ளோஸ் ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் பூல் சீக்கிரம் வறண்டுவிடும். அப்போது ஹிகாரி 30 விநாடியில் எரர் தரும், டிபிசிபி இயல்பு நிலையில் முடிவே இல்லாமல் காத்திருக்கும். சைட் தொங்குகிறது என்று புகார் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கேட்டவர்

மாற்றிவிட்டேன், சிங்க்ரனைஸ்டும் எடுத்துவிட்டேன். ஸ்லீப் வைத்துச் சோதித்தாலும் குழம்பவில்லை. ஒன்றே ஒன்று மிச்சம்: ஒரே ஆள் இரண்டு டேப்பில் வேறு வேறு தேடல் செய்து, முதல் டேப்பில் அடுத்த பக்கம் அழுத்தினால் இரண்டாம் டேப்பின் ரிசல்ட் வருகிறது.

பதில் 1

தேடல் சொல்லை செஷனில் வைத்திருப்பீர்கள். டேப் இரண்டானாலும் குக்கீ ஒன்று, ஆகவே செஷனும் ஒன்று. சொல்லையும் பக்க எண்ணையும் யூஆர்எல்லிலேயே அனுப்புங்கள், பின்செல்லும் பட்டனும் ஒழுங்காக வேலை செய்யும். பக்கம் பிரிப்பதால் இன்னொன்று: குவெரியின் ஆர்டர் பையில் (வரிசைப்படுத்தும் பகுதி) தேதி மட்டும் இருந்தால் ஒரே தேதி வரிகள் முன்பின்னாகி, ஒரு வரி இரு பக்கத்திலும் வரலாம். தேதிக்குப் பின், ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் பிரைமரி கீயையும் சேருங்கள்.

பதில் 3

இதற்குப் பிறகும் ஒருவர் பக்கம் இன்னொருவருக்குத் தெரிந்தால் கேஷை (முன்பு தந்ததைச் சேமித்து மீண்டும் தரும் இடம்) சந்தேகப்படுங்கள். லாகின் செய்தவரைப் பொறுத்து ரிசல்ட் மாறுமென்றால் கேஷ் கீயில் பயனர் ஐடி இருந்தே ஆக வேண்டும். நடுவில் ப்ராக்ஸி இருந்தால் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் பிரைவேட் அல்லது நோ-ஸ்டோர். த்ரெட்லோக்கலில் (த்ரெட்டுக்கு ஒரு மதிப்பு வைக்கும் மாறி) பயனரை வைத்திருந்தால் ஃபைனலியில் ரிமூவ் கட்டாயம். த்ரெட் பூலுக்குத் திரும்பி அடுத்த ஆளுக்குப் போகும்போது பழைய பயனரையும் சுமந்துகொண்டே போகும்.

ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்குக்கு மாறும் எண்ணம் இருந்தால், அங்கும் பீன் (ஸ்பிரிங் உருவாக்கும் ஆப்ஜெக்ட்) இயல்பாக சிங்கிள்டன்தான், அதாவது ஒன்றே ஒன்று. கன்ட்ரோலரில் ஃபீல்டு வைத்தால் இதே சிக்கல் திரும்ப வரும்.